கடைசி பெஞ்சுக்குத் தெரியாத எழுத்து

மார்ச் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இன்று இருநூற்றுப் பத்து விரிப்பு. இஸ்திரி உருளை நடுவில் இரண்டு முறை நின்றது. தோள்பட்டை விட்டுப்போகிறது.

மதியம் சாப்பிட்டதும் நோயாளிகள் காத்திருக்கும் ஹாலுக்குப் போனேன். தினமும் போகிறேன். சுவரில் டிவி மாதிரி பெரிய திரை. யாருடைய முறை, எந்த அறை என்று பெயர் பெயராக அதில் வரும். அந்த எழுத்தை வரைந்தது என் மகள். ஏற்கெனவே யாரோ செய்து வைத்ததை எடுத்துப் போடவில்லை. இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வரைந்தாள். 'அ' மட்டும் நாற்பது தடவை. எழுத்துக்குள் இருக்கும் சுழியெல்லாம் அகலமாக, காற்று போகிற மாதிரி இருக்க வேண்டுமாம். அஞ்சாவது படித்தவர்களுக்கும் சட்டென்று பிடிபட வேண்டுமாம். அஞ்சாவது படித்தது யார்? நான்தான்.

அவள் போய் இன்றோடு தொண்ணூற்று மூன்று நாள். அவள் எழுத்து மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

என்னோடு உருளையில் துணி கொடுக்கிறவள் ஒரு வாயாடி. "நீ பாக்கிற பார்வைக்கு அந்தத் திரையே வெக்கப்பட்டு அணைஞ்சிடும்" என்கிறாள். சிரிக்க வைக்கப் பார்க்கிறாள், பாவம்.

மார்ச் 4, புதன்

அவள் சீப்பில் இருக்கும் முடியை இன்றும் எடுக்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

சாயங்காலம் சோடாபுட்டி வந்தான். மகளோடு வேலை பார்த்த பையன். கண்ணாடி அவ்வளவு தடிமன். பெயர் வைத்தது அவள்தான். அவனுக்கும் தெரியும், கோபப்பட மாட்டான். அவர்கள் ஆபீசில் மொத்தம் நாலு பேர். வெப்சைட் செய்து கொடுப்பது தொழில். ஆஸ்பத்திரி திரையில் வருவதும் ஒரு வெப்சைட்தான், பிரவுசரில் ஓடுகிறது என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான். ஆஸ்பத்திரியிலிருந்து முதலாளிக்குக் கடிதம் வந்திருக்கிறதாம். ஹாலில் எழுத்து மங்கலாக இருக்கிறது, யாராலும் படிக்க முடியவில்லை என்று. முதலாளி இந்த மாசக் கடைசி வரை பார்ப்பாராம். சரியாகவில்லை என்றால் அவள் எழுத்தை எடுத்துவிட்டு, இன்டர்நெட்டில் கிடைக்கிற வேறு எழுத்தைப் போடச் சொல்லிவிட்டார்.

காலி டம்ளரை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"நீங்க தினமும் பாக்கறீங்களேம்மா. உங்களுக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டான்.

"நல்லாத்தான் தெரியுது" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

மார்ச் 9, திங்கள்

சோடாபுட்டி ஹாலுக்கு ஏணியோடு வந்தான். திரைக்குப் பின்னால் ஒயரைக் கழற்றி மாட்டினான். திரை அமைப்பில் எதையோ கூட்டினான், குறைத்தான். அந்தக் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் நூற்றுக்குப் பதில் நூற்றுப்பத்து அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார்களாம். அதைப் பழையபடி நூறுக்குக் கொண்டுவந்தான். பிரவுசர் சேர்த்து வைத்திருந்த பழைய குப்பையைத் துடைத்தான். பிறகு பிரவுசரையே மாற்றிப் பார்த்தான். டோக்கன் கொடுக்கும் அம்மா அவனை டிவி மெக்கானிக் என்று நினைத்து, "சீரியல் வருமா தம்பி?" என்று கேட்டாள்.

நான் நனைந்த கையோடு தூணோரம் நின்று பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் திரை கறுத்து, மறுபடி வந்தது. ஒவ்வொரு தடவையும் எழுத்துக்குப் பக்கத்தில் அதே எழுத்து இன்னொரு தடவை ஒண்டிக்கொண்டே வந்தது. 'ண' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு உருண்டை.

போகும்போது சொன்னான், திரையில் கோளாறு இல்லையாம், கோளாறு வெப்சைட் பக்கத்துக்குள்ளேயே இருக்கிறதாம்.

மார்ச் 11, புதன்

வேலை பார்ப்பதே ஆஸ்பத்திரியில்தானே. வேலைக்கு நடுவில் கண் டாக்டரிடம் போனேன். சுவரிலிருந்த வரிகளைப் படிக்கச் சொன்னார். கடைசி வரிக்கு முந்தின வரி வரை படித்தேன். "இந்தக் கண்ணாடியே போதுமே. யாரு தெரியலன்னு சொன்னது?" என்றார்.

யாரும் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொண்டேன். நவம்பரிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கண் நன்றாக இருக்கிறது என்றால் சந்தோஷப்பட வேண்டும். முடியவில்லை. இதை இன்றைக்கு எழுத முடியாது.

மார்ச் 13, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டான்.

மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்தான். நின்றுகொண்டே சொன்னான். அவள் இரண்டு விதமாக வரைந்தாளாம். கைபேசியில் படிக்க மெல்லிசு. தூரத்தில் இருந்து பார்க்கிற ஹாலுக்குத் தடிமன். ஆஸ்பத்திரிக்காக ஓடும் சர்வரில் மெல்லிசு எழுத்தை மட்டும் ஏற்றியிருக்கிறாள். தடிமனை ஏற்ற மறந்துவிட்டாள்.

"வெப்சைட் பக்கத்துல தடிமன் வேணும்னு எழுதி வெச்சிருக்காம்மா. கேட்டது கிடைக்கலன்னா பிரவுசர் சும்மா இருக்காது. இருக்கிற மெல்லிசு எழுத்தையே எடுத்து, கொஞ்சம் தள்ளி இன்னொரு தடவ அப்பிடும். அதுதான் ஈஷிக்கிட்டுத் தெரியுது."

புரிந்தது. எங்கள் கூடத்தில் விரிப்பு மூலையில் வார்டு பெயரை முத்திரை குத்துவோம். கை ஆடி இரண்டாம் தடவை பட்டுவிட்டால் பெயர் ரெட்டையாகி ஒன்றும் விளங்காது. அதேதான்.

"அவ பாக்கறப்போ அவளுக்குத் தெரியலையா?" என்று கேட்டேன்.

தெரிந்திருக்காதாம். அவள் லேப்டாப்பில் அந்தத் தடிமன் எழுத்து இருந்ததால் பிரவுசர் அங்கேயே எடுத்துக்கொண்டிருக்கும். உலகத்திலேயே அவள் ஒருத்திக்கு மட்டும் சரியாகத் தெரிந்திருக்கிறது.

"லேப்டாப்பைக் குடுங்கம்மா. அஞ்சு நிமிஷ வேல. அந்த ஒரு ஃபைலை ஏத்திட்டா முடிஞ்சுது" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை நாளில் அவன் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

லேப்டாப் தங்கச்சி வீட்டில். டிசம்பரிலேயே கொடுத்துவிட்டேன். "பாக்கப் பாக்க அழுதுகிட்டே இருப்பேக்கா, பாப்பா படிப்புக்காவது ஆகட்டும்" என்றாள். நானேதான் பையில் வைத்து, சார்ஜர் ஒயரைச் சுருட்டிப் போட்டுக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கி வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவள் எழுத்து போகாது. இன்று இரண்டு வாய் கூடச் சாப்பிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

தங்கச்சி மகள் லேப்டாப்பைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். மூடியில் மகள் ஒட்டின மஞ்சள் வட்டம் அப்படியே இருந்தது. திறந்தால் வேறு யாருடைய வீடோ மாதிரி இருக்கிறது.

"பாஸ்வேர்டு தெரியல பெரிம்மா. கடையில குடுத்தோம். எல்லாத்தையும் அழிச்சு புதுசா போட்டுக் குடுத்தாங்க."

தங்கச்சி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன்க்கா, அதுல என்ன இருந்துச்சு?" என்றாள்.

என்ன சொல்ல? குழந்தை முகத்தில் பயம். ஒன்றுமில்லை, சில போட்டோ என்றேன். டீ கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என்னைப் பார்த்துவிட்டு வேறு இடத்துக்கு எழுந்து போனாள். சத்தமாக அழுதிருக்கிறேன் போல.

மார்ச் 16, திங்கள்

சோடாபுட்டி ஆபீஸ் கம்ப்யூட்டர், பழைய மெயில் எல்லாம் தேடிவிட்டான். தடிமன் எழுத்து பதினொன்று படமாகக் கிடைத்ததாம். பதினொரு எழுத்தை வைத்து யார் பெயரை எழுதுவது?

மார்ச் 18, புதன்

மதியம் ஹாலில் ஒரு பெரியவர். காலில் கட்டு, கட்டுக்கு மேல் ஈரம் ஊறியிருந்தது. காலை எட்டு மணிக்கே வந்தவராம். நான் போகும்போது மணி ஒன்றரை. ஹால் காலி. டாக்டர் எழுந்து போய்விட்டார். டோக்கன் கொடுக்கும் அம்மா அவரிடம், உங்க பேரு பத்தரைக்கே வந்துடுச்சே, ரெண்டு தடவ வந்துச்சே, என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த புதன்தான் அந்த டாக்டர்.

வாசல் வரை நான்தான் கைபிடித்துக் கூட்டிப் போனேன். பக்கத்தில் யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லியிருக்கலாமே ஐயா என்றேன்.

"எம் பேருதாம்மா. எம் பேரை எனக்கே படிக்கத் தெரியாதான்னு நினைப்பாங்கல்ல? கண்ணுதான் போயிடுச்சுன்னு நினைச்சு, சும்மா உக்காந்திருந்தேன்" என்றார்.

வேலைக்குத் திரும்பி வந்தேன். தலையணை உறை எது விரிப்பு எது என்று தெரியாமல் மடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். வாயாடி என் கையிலிருந்து வாங்கித் திருப்பி மடித்தாள்.

மார்ச் 19, வியாழன்

எழுதிவிடுகிறேன். எழுதாமல் என்ன செய்வது?

நவம்பர் மாசம், ஒரு வெள்ளிக்கிழமை. அவளுக்கு ஆபீசில் வேறு அவசரம். போனில் கூப்பிட்டாள். "ம்மா, இன்னைக்கு ஹால்ல எழுத்து மாத்தியாச்சு. கடைசி பெஞ்சுல உக்காந்து பார்த்துட்டு சொல்லு. கடைசி பெஞ்சு. முன்னாடி போய் நின்னு பாத்துட்டு சொல்லக் கூடாது."

போனேன். உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் ரெட்டை ரெட்டையாக ஈஷிக்கொண்டு இருந்தது. ஒரு பெயரையும் முழுசாகப் படிக்க முடியவில்லை.

என் கண் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக. எனக்கு ஒரு எழுத்து விளங்கவில்லை என்றால் தப்பு எழுத்தில் இருக்கும் என்று இந்த வயசு வரை ஒரு நாளும் தோன்றியதில்லை. பஸ் பலகை, மருந்துச் சீட்டு, பேங்க் ஃபாரம், எது புரியாவிட்டாலும் என் படிப்பு அவ்வளவுதான் என்று ஒதுங்கிவிடுவேன். இரண்டு வருஷம் எனக்காகவே உட்கார்ந்து வரைந்தவளிடம், எனக்குப் படிக்க வரவில்லை என்று எப்படிச் சொல்லுவேன்? கூசியது.

"நல்லா தெரியுதுடி" என்றேன்.

"நெஜமாவா? சும்மா சொல்லாதம்மா."

"நெஜமாத்தான். யாரு வேணா படிக்கலாம்."

போனில் அவள் மூச்சு விட்டது கேட்டது. அப்பாடா என்று.

ஒன்பது நாள் கழித்து மழையில் வண்டி சறுக்கியது. அந்த ஒன்பது நாளும் லேப்டாப் அவள் மடியிலேயே இருந்தது. தடிமன் எழுத்து அதில் இருந்தது. தெரியல என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று ராத்திரியே ஏற்றியிருப்பாள். ஒரு வார்த்தை. எனக்கு அது வாயில் வரல. அந்தப் பெரியவர் ஈரக் கட்டோடு திரும்பிப் போனதுக்கும் நான்தான். அவ எழுத்து போகப் போறதுக்கும் நான்தான். நான் என்ன தாய்?

மார்ச் 21, சனி

துணி துவைக்கவில்லை. விளக்கு போடவில்லை.

மார்ச் 23, திங்கள்

சோடாபுட்டியிடம் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் பைக் நிறுத்தும் இடத்தில், அவன் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கேட்டுக்கொண்டே இருந்தான். "சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்மா" என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, தானும் வந்து பார்க்கவில்லை, முதலாளியும் வந்து பார்க்கவில்லை, நாலு பேரில் ஒருத்தர்கூட ஹாலில் வந்து உட்காரவில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

அவன் சமாதானம் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

இன்னும் ஒரு வழி இருக்கிறதாம். வெப்சைட் பக்கத்தில் தடிமன் கேட்கும் வரியை எடுத்துவிட்டால் பிரவுசர் அப்பாது. அவள் வரைந்த மெல்லிசே சுத்தமாக வரும். ஆனால் மெல்லிசு. தூரத்துக்காக வரைந்தது இல்லை. பெரிதாக்கிப் பார்க்கலாம் என்றான். வெள்ளிக்கிழமை, நோயாளிகள் போன பிறகு ஹாலில் வைத்துப் பார்ப்போம், நீங்கதான் உட்கார்ந்து சொல்லணும் என்றான்.

நானா? என்றேன்.

வேறு யாரும்மா என்றான்.

மார்ச் 25, புதன்

அந்தப் பெரியவர் வருவார் என்று ஹாலில் காத்திருந்தேன். வந்தார், மகன் தோளைப் பிடித்துக்கொண்டு. கட்டு முழங்கால் வரை ஏறியிருந்தது. பெயரைக் கேட்டுக்கொண்டு திரைக்குக் கீழேயே நின்றேன்; வந்ததும் நான்தான் போய்ச் சொன்னேன். உள்ளே போனவரை வார்டில் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள்.

மார்ச் 27, வெள்ளி

மூன்று மணிக்கு ஹால் காலி. ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டுகிறவள் பெஞ்சுக்கு அடியில் பெருக்கிக்கொண்டிருந்தாள். சோடாபுட்டி திரைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் முன்னால் நின்றான். நான் கடைசி பெஞ்சில்.

முதலில் வந்ததைப் பார்த்ததும் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். ஈஷல் இல்லை. அவள் காகிதத்தில் காட்டியது போலவே இருந்தது. சுழியெல்லாம் திறந்து, வால் எல்லாம் அவள் இழுப்பது போலவே இழுத்து. இவ்வளவு நாளும் இதையா மூடி வைத்திருந்தோம்?

"படிங்கம்மா" என்றான். பன்னிரண்டு பெயர் போட்டிருந்தான். படித்தேன். நாலு பெயர் வந்தது. மற்றதெல்லாம் வெள்ளைச் சுவரில் நூல் ஒட்டின மாதிரி. கோடு இருப்பது தெரிகிறது, என்ன கோடு என்று தெரியவில்லை.

பெரிதாக்கினான். ஏழு. இன்னும் பெரிதாக்கினான். ஒன்பது. ஆனால் நீளமான பெயர்கள் உடைந்து அடுத்த வரிக்குப் போயின. பன்னிரண்டு வர வேண்டிய இடத்தில் அஞ்சு பெயர்தான் நின்றது. மற்றவர்கள் முறை எப்போது வரும், எப்படித் தெரியும்? ஜன்னல் வெளிச்சம் திரும்பியதும் அந்த அஞ்சிலும் இரண்டு கரைந்துவிட்டது.

சோடாபுட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். திரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"நீங்க தெரியுதுன்னு சொல்லுங்கம்மா. இதையே வெச்சிடலாம். முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்."

அவன் அவளுக்காகத்தான் சொல்கிறான் என்று எனக்குத் தெரியாதா? எழுத்து தெரியுது என்று சொல்ல ஆசையாக இருந்தது. நாக்கு நுனி வரை வந்தது. எழுத்து அங்கே நிற்கிறது, சுத்தமாக, குளித்து வந்த மாதிரி நிற்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கும் நிற்கும்.

"தெரியலப்பா" என்றேன்.

"கண்ணைத் துடைச்சிட்டு இன்னொரு தடவ பாருங்களேன்."

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. எழுத்து தெரியல."

கூட்டுகிறவள் துடைப்பத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். எழுந்து போய்த் திரையை அணைத்தான்.

மார்ச் 30, திங்கள்

முதலாளி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்துவிட்டார். முன்பு வேலை பார்த்தவரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை, திருத்தப்படுகிறது என்று எழுதியிருக்கிறதாம். கவனக்குறைவு என்னுடையது என்று போட முடியாதா என்று கேட்டேன். நீங்க எங்க ஆபீஸ்ல இல்லையேம்மா என்றான் சோடாபுட்டி.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். அதனால் கைபேசிப் பக்கத்திலிருந்தும் அவள் மெல்லிசு எழுத்தை எடுக்கிறார்கள். அதை ஒரு பென் டிரைவில் போட்டு என் கையில் கொடுத்தான். கட்டைவிரல் அளவு. இதை எங்கே சொருகிப் பார்ப்பேன்? பீரோவில் அவள் சட்டைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 1, புதன்

இன்று எடுத்துவிட்டார்கள். நான் ஹாலுக்குப் போகவில்லை. வாயாடி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எப்படி இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

வார்டுக்கு உறை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரும்போது ஹாலுக்குள் போனேன். கடைசி பெஞ்சில் இடம் இருந்தது. உட்கார்ந்தேன்.

புது எழுத்து கறுப்பாக, கட்டையாக இருக்கிறது. எங்கேயோ முன்னமே பார்த்த மாதிரி. பன்னிரண்டு பெயரையும் படித்தேன். திரும்ப ஒரு தடவை கீழிருந்து மேலாகவும் படித்தேன்.

பக்கத்தில் ஒரு அம்மா, என் வயசு இருக்கும், மடியில் துணிப்பை. கூட யாரும் இல்லை. உதட்டை அசைத்து அசைத்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படித்துச் சொல்லட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். என்னிடமோ, வேறு யாரிடமோ ஒன்றும் கேட்கவில்லை. நேராக ஆறாம் நம்பர் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

மூன்று மணிக்கு அடுத்த மூட்டை வரும். இறங்கி வந்தேன்.